மதுரை வானில் பனிக்கட்டி

சித்திரை வெயிலில் மாசி வீதியில் நடப்பவரிடம், "உங்கள் தலைக்கு நேர் மேலே 5 கிலோமீட்டரில் நீர் உறையும் குளிர் இருக்கிறது" என்று சொன்னால் நம்புவாரா? ஆனால் அது உண்மையே. உயரே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது. தரையில் 35 டிகிரி இருந்தாலும், 5 கிலோமீட்டருக்குச் சற்று மேலே அது 0 டிகிரியைத் தொட்டுவிடும். ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி விமானங்கள் பெரும்பாலும் பறப்பது இந்த உயரத்தை ஒட்டித்தான்.

0 டிகிரியில் நீர் உறையும் என்று படித்திருக்கிறீர்கள். மேகத்துக்கு அந்தப் பாடம் தெரியாது! அங்குள்ள நுண்துளிகள், உறைவதற்குப் பற்றுக்கோடாக ஒரு துகள் கிடைக்காதவரை, உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும் நீராகவே மிதக்கும். இதை மீக்குளிர் நீர் என்பர். இறக்கை மோதியதும் அது அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்கிறது.

பனிக்கட்டியின் எடைதான் விமானத்தை வீழ்த்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். எடையைவிட இறக்கையின் வடிவம் கெடுவதே பெருந்தீங்கு. உப்புத்தாள் போன்ற மெல்லிய சொரசொரப்பே விமானத்தைத் தூக்கும் விசையை 30 விழுக்காடு வரை குறைத்துவிடலாம். இதைத் தடுக்கவே ஏ.டி.ஆர். இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை உண்டு. காற்றடைத்ததும் அது உப்பிப் பனிக்கட்டியை உடைத்தெறியும்.

பட்டைக்குப் பின்னால் உறைந்தால்? 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நிகழ்ந்தது அதுதான். சிகாகோவில் இறங்கக் காத்திருந்த ஏ.டி.ஆர். 72 ஒன்று அரை மணி நேரத்துக்கும் மேலாக மேகத்தினுள் வட்டமிட்டது. பெரிய மீக்குளிர் துளிகள் பட்டையைத் தாண்டி வழிந்து, வரப்புப்போல் உறைந்தன. விமானத்தைத் தானியங்கிக் கருவி ஓட்டிக்கொண்டிருந்ததால், உள்ளே வளர்ந்த கோளாறு கைக்குத் தெரியவில்லை. திடீரென விமானம் பக்கவாட்டில் புரண்டு ரோஸ்லான் என்னும் ஊரருகே விழுந்தது. 68 பேரும் மாண்டனர்.

அதன்பின் ரப்பர் பட்டைகள் அகலமாயின. 1996இல் விமானிகளுக்குப் புதிய விதிகளும் வந்தன. விமானி அறையின் பக்கக் கண்ணாடியில் பனிக்கட்டி படிந்தால் அது அபாய அறிகுறி. உடனே கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, தானியங்கிக் கருவியை விலக்கிவிட்டு, அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் அறிவிக்க வேண்டும். 'கடுமையான பனியுறைவு' என்பதன் பொருளே, தடுப்புக் கருவிகளால் சமாளிக்க இயலாத உறைவு என்பதாகும். அதில் தொடர்ந்து பறக்க எந்தப் பயணி விமானத்துக்கும் அனுமதி இல்லை. ஒரே மேகம் ஒரு விமானத்துக்கு இலேசாகவும் மற்றொன்றுக்குக் கடுமையாகவும் அமையலாம் என்பதையும் கவனியுங்கள்.

வெளியேறுவது எங்கே? குளிர்நாடுகளில் சில வேளை தரைவரையிலும் உறைகுளிர்தான். மதுரைச் சமவெளியிலோ 1 அல்லது 2 கிலோமீட்டர் இறங்கினாலே வெதுவெதுப்பான காற்று, பனிக்கட்டி உருகிவிடும். நம்மூர் வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன்! ஆனால் மாலையில் மலைகளை ஒட்டி எழும் இடிமேகத்துக்குள் இந்த உபாயம் போதாது. அங்கே ஆலங்கட்டியும் பேய்க்காற்றும் உண்டு. ராடாரில் கண்டதும் விலகிச் செல்வதே வழி. மேற்கே கொடைக்கானல் மலை 2 கிலோமீட்டருக்கு மேல் நிற்பதால், மேகத்தில் கண் மறைந்திருக்கும்போது எவ்வளவு இறங்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு.