குளவி குடியிருக்கும் வளவு

பல வருடங்கள் ஆளில்லாமல் கிடந்த காணிக்குத் திரும்பிப் போகிறவர் முதலில் தேடுவது கிணற்றை. பிறகு வீட்டின் அத்திவாரத்தை. அதன் பின்தான் தான் நட்ட மாமரம் இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பார். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கட்டம் கட்டமாகத் திரும்பியபோதும், 2009இன் பின்னர் வன்னிக் கிராமங்களில் மீள்குடியேற்றம் நடந்தபோதும் இதையே கண்டோம். கத்தியோடும் மண்வெட்டியோடும் போனோம். கண்ணிவெடி அகற்றிய இடம் எது என்று அடையாளம் வைத்துக் காட்டினார்கள். குளவி எங்கே இருக்கிறது என்று காட்ட ஒருவரும் இருக்கவில்லை.

அப்படி ஒரு வளவில் துப்புரவு வேலைக்குக் கைகொடுக்கப் போயிருந்தோம். வடலிக்குள் காவோலை இழுத்துக்கொண்டிருந்த இளைஞர் திடீரெனக் குழறிக்கொண்டு ஓடிவந்தார். தலையிலும் கழுத்திலும் பத்துப் பன்னிரண்டு கொட்டு. தாயார் சுண்ணாம்பு தடவினார். கால் மணித்தியாலத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புப் போட்டுவிட்டது. “மூச்சு முட்டுது அம்மா” என்றார். அயலவரின் முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை பிழைத்தார். அன்று பிழை விட்டவர்கள் நாங்கள். காவோலையை இழுக்க முன்னர் அண்ணாந்து பார்க்கவில்லை. கொட்டிய பின்னர் சுண்ணாம்போடு நேரத்தைப் போக்கினோம்.

குளவி ஆளைத் தேடி வந்து கொட்டும் பிராணி அல்ல. மீன் வெட்டும் இடத்துக்கு வந்து சுற்றும் குளவியைப் பாருங்கள். அது சின்னத் துண்டொன்றைக் கடித்தெடுத்துக்கொண்டு போய்விடும். அந்த இறைச்சி அதற்கல்ல, கூட்டிலுள்ள புழுக்களுக்கு. வளர்ந்த குளவிக்கு வேண்டியது இனிப்பு நீர். அதனால்தான் விழுந்து பழுத்த மாம்பழத்திலும் பனம்பழத்திலும் கள்ளு முட்டியிலும் அதைக் காண்கிறோம். கிணற்றடிக்குத் தண்ணீருக்கும் வரும். இரை தேடி இப்படி வெளியே வந்த குளவிக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. கையை வீசி அடித்தால், உடுப்புக்குள் அகப்பட்டால், காலில் மிதிபட்டால்தான் கொட்டும். கொடியில் காய்ந்த சட்டையை உதறிவிட்டுப் போடுவதும், மீன் கழிவை உடனே புதைப்பதும், இனிப்புத் தேநீரைக் கோப்பையால் மூடி வைப்பதும் போதும்.

கூட்டுக்குக் கிட்டப் போனால் கதை வேறு. காய்ந்த மரத்தைச் சுரண்டி, உமிழ்நீரோடு மென்று, கடதாசி போலாக்கிக் குளவி கூடு கட்டுகிறது. மெல்லிய உடம்புள்ள சிறு குளவியின் கூடு மூடியில்லாத தேன்வதை போல ஒரு காம்பில் தொங்கும். வீட்டு முகட்டிலும் ஓலையின் அடியிலும் யன்னல் மூலையிலும் இருக்கும். பெருங்குளவி இதனிலும் பொல்லாதது. கறுத்த உடம்பு, வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை. அதன் கூடு மரக்கொப்பிலோ கூரையிலோ சாம்பல் நிறப் பந்தாகத் தொங்கும். மரப்பொந்திலும் நிலத்துக்குள்ளும் இருப்பதுண்டு. கூட்டைக் காப்பது பெண் குளவிகள். ஆண் குளவிக்குக் கொடுக்கே இல்லை.

கூடு அதிர்வதை அவை உடனே உணர்கின்றன. மரத்தில் கோடரி விழுவது, வேலிக் கதிகாலை ஆட்டுவது, பிள்ளைகள் மாங்காய்க்குக் கல் எறிவது எல்லாம் அவற்றுக்கு வீடு இடிபடுவது போல. பெருங்குளவியின் விஷத்தில் மற்றக் குளவிகளை அழைக்கும் மணமும் இருக்கிறது. கூட்டின் பக்கத்தில் ஒன்றை அடித்து நசுக்கினால் அந்த மணம் பரவி, கூடு முழுவதும் கிளம்பும். ஒன்று கொட்டினால் நின்று அடிக்காமல் ஓட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தேனீயையும் நாம் சில வேளை குளவி என்றே சொல்லிவிடுகிறோம். தேனீ கொட்டினால் கொடுக்குத் தோலில் நிற்கும். அதை உடனே வழித்து எடுத்துவிட வேண்டும். குளவியின் கொடுக்கு அப்படி நிற்பதில்லை. ஆகவே ஒரே குளவி பல முறை கொட்டும்.

வேட்டைவாளியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரிலும் கதவு மூலையிலும் மண்ணால் கூடு கட்டுகிறதே, அதுதான். அது கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் ஆச்சிமார் அதைக் கலைக்க விடமாட்டார்கள். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குகிறது என்றும் சொல்வார்கள். நடப்பது அதுவல்ல. சிலந்தியையோ மயிர்க்கொட்டியையோ கொட்டி அசையாமல் ஆக்கி, மண்ணறைக்குள் வைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. உள்ளே பொரிக்கும் குஞ்சு அதைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. காரணம் எதுவானாலும் ஆச்சிமார் சொன்னபடி விட்டுவிடுவதே சரி. அது தனிக்குளவி. கூட்டைக் காக்கவென்று ஆளைத் துரத்தாது.

வளவு துப்புரவாக்கும் நாளில், கத்தி போட முன்னர் சற்று நின்று பாருங்கள். ஒரே இடத்தால் குளவி போவதும் வருவதுமாக இருந்தால் அங்கே கூடு உண்டு. நீண்ட கைச்சட்டை போட்டு, தலையை வெளிறிய துணியால் மூடிக்கொள்ளுங்கள். கறுப்புத் துணி வேண்டாம். ஓட வழி எது என்பதையும் முன்னரே பார்த்து வையுங்கள். பற்றைக்குள் பின்வாங்கினால் தப்ப முடியாது. வெடிபொருள் அகற்றாத காணி பக்கத்தில் இருந்தால் அந்தத் திசைக்கு ஓடக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு நேரே ஓடி, வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கிணற்றில் குதிப்பது குளவியிலும் பெரிய ஆபத்து.

கூட்டுக்கு நெருப்பு வைப்பதை நாங்கள் அடியோடு மறுக்கிறோம். மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு ஏறுகிறவர் கிடுகுக் கூரைக்கும் தறப்பாளுக்கும் கீழேதான் நிற்கிறார். ஒரு கூட்டுக்காக ஒரு கொட்டிலைக் கொடுக்க முடியுமா? ஆள் நடமாடும் இடத்தில் பெருங்குளவிக் கூடு இருந்தால் பழகியவரை அழைத்து, இரவில், தகுந்த உடுப்போடு அகற்றுவிக்க வேண்டும். கூடு தொடங்கும்போது ஒன்றிரண்டு குளவியும் நாலைந்து அறையுமே இருக்கும். வாரம் ஒரு முறை தாழ்வாரத்தையும் மலசலகூடத்தையும் அண்ணாந்து பார்க்கிற வீட்டில் அது பந்தாக வளராது.

கொட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். மோதிரம், காப்பு இருந்தால் வீங்க முன்னர் கழற்றுங்கள். ஓரிரு கொட்டின் வலி தானாகக் குறையும். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், உடம்பெங்கும் தடித்தால், சத்தி வந்தால், தலை சுற்றினால் ஒரு கொட்டாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்கு. 1990 என்ற இலவச நோயாளர் காவுவண்டிச் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. மயக்கம் வருபவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டுபவரை இருத்துங்கள். நடக்க விடாதீர்கள். கொட்டு பல என்றால், ஆள் நல்லாய் இருப்பதாகத் தெரிந்தாலும் காட்டத்தான் வேண்டும். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கி, சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போவது பிந்தியே தெரியவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கண்ட குளவியை எல்லாம் அழிக்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. கத்தரியையும் மிளகாயையும் தின்னும் புழுக்களை அது சம்பளமில்லாமல் பிடித்துக்கொண்டு போகிறது.

அந்த இளைஞரின் வளவுக்குப் பிறகு ஒரு நாள் போனோம். வேலிக்கரைப் புளியமரத்தில், உயரத்தில் இன்னொரு கூடு தொங்கியது. ஏன் விட்டுவைத்தீர்கள் என்று அவரின் அப்புவைக் கேட்டோம். “தம்பி, நாங்கள் இல்லாத காலம் இஞ்சை குடியிருந்தது உவையெல்லோ. வந்தவுடனை எழும்பு எண்டால் எழும்புவினமே?” என்றார். கிணற்றுக்குப் போகும் பாதையை மாமரப் பக்கமாக மாற்றி வெட்டியிருந்தார்கள். புளியமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகள் கண்டுகொள்ள ஒரு சிவப்புத் துணியும் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மாரியில் கூடு வெறுமையாகி, மழையில் நனைந்து கிழிந்து விழுந்ததாம். கயிற்றை அவிழ்த்து ஆடு கட்டினார்கள்.