முகம் காக்கும் கலை

நந்திக்கடலின் மேற்குக் கரையிலுள்ள வற்றாப்பளையை நாடறியச் செய்தது கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலன்று, கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபைப் படம்பிடிக்கக் கமராக்கள் பல வரும். ஏனைய நாட்களைப் படம்பிடிப்பார் யார்? இவ்வூரில் ஒளிப்படக்கலை பயிற்றும் ஆசிரியருக்குப் பணி அங்கேதான் தொடங்குதல் வேண்டும்.

அவருக்குக் களப்பின் கரையே வகுப்பறை. உதயசூரியனை எதிர்நோக்கி எடுத்தால் வீச்சுவலைக்காரர் வெறும் நிழலுருவாவார். ஒளியைப் பக்கவாட்டில் வாங்கினால் முகத்தின் சுருக்கங்களும் பேசும்.

எனினும், எடுப்பதினும் காப்பது அரிது. கொழும்பின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944 இல் மறைந்தபின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டன; காகிதப் படிகள் எஞ்சியதாலேயே அவர் கலை இன்றும் வாழ்கிறது.

2009 இல் முடிந்த போரில் வன்னி மக்கள் இழந்தவற்றுள் குடும்பப் படங்களும் அடங்கும். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 இல் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கையிலிருந்தவை படங்களே. அதுவும் இல்லாதார்க்கு அம்முகத்துக்குச் சாட்சி ஏது?

ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படி வீட்டிலும் மற்றொன்று வெளியூர் உறவினரிடத்தும் இருக்கட்டும். பொங்கல் அடுத்த ஆண்டும் வரும்; இன்று முற்றம் பெருக்கும் ஆச்சியின் முகத்தை இன்றே எடுத்துவைத்தல் நன்று.