அடைக்கலமும் ஆணையும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என்றொரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி அது. துன்புறும் பெண்ணுக்குப் பிறர் மனை புகலாவது நம் மரபு அறிந்த செய்தியே. அடிபட்ட மகளை அத்தா சென்று அழைத்து வருவதும் அதன் தொடர்ச்சிதான். ஆயினும், வாழ வந்த வீட்டிலேயே அச்சமின்றித் தங்கும் உரிமை அவளுக்கு உண்டென்பதை நாம் எவருக்கேனும் கற்பித்தோமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், சாணார்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் அக்காவுக்கு வந்த தாளொன்றை நம்மிடம் காட்டினாள். பெரியவர்கள் சிலர் ஒப்பமிட்ட தலாக் சான்று. "இனிமே அக்கா கோர்ட்டுக்குப் போக முடியாதாமே?" என்றாள். அன்று நமக்கும் விடை தெளிவாகத் தெரியவில்லை.

அவ்விடையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தந்தது. 2010இல் மணந்த ஓர் இஸ்லாமியத் தம்பதியரின் வழக்கு அது. 2018இல் மனைவி குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தார். 2021இல் திருநெல்வேலி நடுவர் அவருக்கு 5 இலட்ச ரூபாய் இழப்பீடும், குழந்தைக்கு மாதம் 25,000 ரூபாயும் வழங்க ஆணையிட்டார். மேல்முறையீட்டில் தோற்ற கணவர் உயர் நீதிமன்றம் சென்று, தலாக் முடிந்துவிட்டது, ஷரீஅத் மன்றத்தின் சான்றும் உள்ளது என வாதிட்டார். மனைவி மறுக்கும்போது தலாக் செல்லும் என்பதை நீதிமன்றத்தில் நிறுவும் பொறுப்பு கணவருடையது. தனியார் அமைப்பு நீதிமன்றமாகாது என்று கூறி, நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தார். காஜி தரும் தலாக் சான்று கருத்து மட்டுமே என்று 2017 ஜனவரியிலேயே அந்த உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஜமாஅத் சமரசம் பேசலாகாது என்பதன்று இதன் பொருள். நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் இரு குடும்பத்தாரிலிருந்தும் நடுவர் ஒவ்வொருவரை அமர்த்தச் சொல்கிறது. ஒரு தரப்பார் மட்டும் கூடி எழுதும் தாள் அதில் எங்ஙனம் அடங்கும்?

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள இச்சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. அடிப்பது மட்டுமன்று; இழித்துரைப்பதும் செலவுக்குப் பணம் மறுப்பதும் வன்முறையே. வீடு மாமனார் பெயரிலிருந்தாலும், மருமகள் அங்குக் குடும்பமாக வாழ்ந்திருந்தால் உறைவிட உரிமை கோரலாம் என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண், தான் இப்போது தங்கியிருக்கும் பகுதியின் நடுவரிடமே மனுச் செய்யலாம். சாணார்பட்டிப் பெண் கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். திண்டுக்கல்லிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடினால் வழக்கறிஞரைக் கட்டணமின்றிப் பெறலாம்; பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. தொலைபேசியில் கேட்க 15100. அவசர உதவிக்கு 181. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். மேற்சொன்ன வழக்கில் முதல் ஆணைக்கே மூன்றாண்டுகள் ஆயின! ஆகவே இடைக்கால ஆணையை முதலிலேயே கேட்பது நன்று.

எதிர்த்தரப்புக்கும் வழியுண்டு. நோட்டீசு வந்ததும் தலைமறைவாகும் இளைஞர்களை நாம் அறிவோம். அது வீண் அச்சம். எதிர்மனுதாரர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரல்லர் என 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் விளக்கியுள்ளது. வழக்கறிஞர் வாயிலாக மறுப்புரை தரலாம். வராதிருந்தால் ஒருதரப்பாக ஆணை பிறக்கும். சூழ்நிலை மாறினால் ஆணையைத் திருத்தவோ நீக்கவோ மனுச் செய்யலாம். 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்யலாம். வருமானம் வரம்புக்குள் இருப்பின் ஆணுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு.

அந்த மாணவியின் அக்கா பின்னர் திண்டுக்கல் சென்று மனுச் செய்தார். பெரியவர்கள் ஒப்பமிட்ட அத்தாளும் மனுவோடு இணைக்கப்பட்ட ஆவணங்களுள் ஒன்றாயிற்று.