குளம் காக்கும் கைகள்

நுழையும்முன்

ஆறுகளை இணைப்பதும் குளங்களை நிரப்புவதும் அரசின் பெருந்திட்டங்களால் நிகழ்வன. அவ்வாறு வந்த நீரைத் தூயதாக வைத்திருப்பது மக்களின் அன்றாடப் பழக்கங்களைப் பொறுத்தது. அப்பழக்கங்கள் வேரூன்றும் பருவம் பள்ளிப்பருவம். இதனை அவிநாசிப் பகுதியின் நீர்வழி கொண்டு விளக்குகிறது இக்கட்டுரை.

வானம் பார்த்த பூமி

மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த ஊர் அவிநாசி. திருப்புக்கொளியூர் என்பது இதன் பழம்பெயர். முதலை உண்ட பாலனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்று இவ்வூர்த் தலவரலாறு கூறுகிறது. முதலை வாழும் அளவிற்கு நீர் நிறைந்த குளத்தைப் பேசும் அவ்வூரில், பிற்காலத்தில் குளங்கள் வறண்டன; கிணறுகள் வற்றின; ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாயின.

பவானி ஆற்றின் உபரிநீரை இப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உழவர்களின் அறுபதாண்டுக் கோரிக்கை. அதன் பயனாக, அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டிற்கு வந்தது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து ஆண்டிற்கு 1.5 டி.எம்.சி. உபரிநீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்கு வழங்குவது இதன் நோக்கம். ஆற்றுநீர் இயல்பாகப் பள்ளம் நோக்கி ஓடும். இந்நீரோ மின்சாரத்தின் துணையால் மேடேறி வருகிறது. ஆதலால், குளத்தில் நிற்கும் ஒவ்வொரு குடம் நீருக்கும் உழைப்பும் பொருளும் விலையாகத் தரப்பட்டுள்ளன.

நெகிழிப்பையின் பயணம்

மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஓடையைக் கொங்கு வட்டாரத்தில் 'பள்ளம்' என்பர். ஊரின் சாக்கடைகள் இப்பள்ளங்களில் சேர்கின்றன. அவிநாசி வழியே செல்லும் நல்லாறு, திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளத்திற்கு நீர் தந்து, பின்னர் நொய்யலை அடைகிறது. நொய்யல் காவிரியில் கலக்கிறது.

தின்பண்டம் தீர்ந்ததும் தெருவில் எறியப்படும் நெகிழி உறையும் இதே வழியில் பயணம் செய்கிறது. முதல் மழையில் அது சாக்கடையை அடைக்கும். பெருமழையில் பள்ளத்திற்குச் செல்லும். இறுதியில் குளத்தில் தங்கும். குளத்தின் அடியில் படிந்த நெகிழி சேற்றோடு சேர்ந்து, நீர் நிலத்திற்குள் இறங்குவதைத் தடுக்கும். குளம் நிறைந்திருந்தும் அருகிலுள்ள கிணறு ஊறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தெரிந்து தெளிவோம்

நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் காப்பகம். 2024 ஆகஸ்டில் இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்குக் காணப்படுகின்றன.

சட்டமும் பழக்கமும்

சாயக்கழிவுகளால் நொய்யல் கெட்டபோது, திருப்பூர்ப் பகுதிச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாத முறையைக் கைக்கொள்ள வேண்டிய நிலை ஆலைகளுக்கு ஏற்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது.

ஆலையின் குழாயைச் சட்டம் மூடலாம். ஒவ்வொருவர் கையையும் பின்தொடர்ந்து செல்லச் சட்டத்தால் இயலாது. கடைக்குப் புறப்படும்போது பையை எடுக்க மறந்தால், தடைசெய்யப்பட்ட பையே மீண்டும் வீட்டிற்குள் நுழையும். சட்டம் சென்றடையாத இவ்விடத்தில் பழக்கமே காவலாகிறது.

பள்ளி என்னும் பயிற்சிக்களம்

அறிவுரை கேட்பதால் மட்டும் பழக்கம் அமைவதில்லை. ஒரே செயலை, ஒரே சூழலில், பலமுறை செய்வதால் அமைகிறது. வீட்டுக் கதவின் பின்புற ஆணியில் மஞ்சப்பை தொங்கினால் அதை மறப்பது அரிது. பின்னலாடைத் தொழிலில் மிஞ்சும் வெட்டுத்துணியைக் கொண்டும் பை தைத்துக்கொள்ளலாம். மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டிகள் வகுப்பறையின் அருகிலேயே இருந்தால், தரம் பிரிப்பது சில நாள்களில் கைவழக்கமாகும். நாட்டின் பள்ளிகளில் 2001இல் தொடங்கப்பட்ட தேசியப் பசுமைப்படை, இத்தகைய செயல்வழிப் பயிற்சிக்கு வாய்ப்பளித்தது.

நீரைக் காப்பதிலும் இதுவே நெறி. நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயில் ஒருநாளில் 86,400 துளிகள் வீணாகின்றன. இருபது துளிகளை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டால், அது நான்கு லிட்டருக்கும் மேல்; ஒருவர் ஒருநாள் குடிக்கும் நீரினும் மிகுதி. கடைசியாகக் கைகழுவிய மாணவர் குழாயை இறுக மூடுவதற்குச் செலவு ஏதுமில்லை. பழுதடைந்த குழாயைக் கண்டவுடன் ஆசிரியரிடம் தெரிவிப்பதும் அப்பழக்கத்தின் ஒரு பகுதியே.

பள்ளியில் பழகியது வீட்டிற்கும் செல்கிறது. பாத்திரம் கழுவிய நீர் தென்னைக்குப் பாய்வதும், காய்கறித் தோல் எருக்குழிக்குச் செல்வதும் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் முன்பே இருந்த வழக்கங்கள். புதிய தலைமுறை அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாட்டிமாரிடம் கேட்டறிந்து தொடர்ந்தால் போதும்.

குழாய் வழி வந்த பவானி நீர் குளத்தில் நிற்கிறது. அது தெளிந்து நிலத்துள் இறங்குமா, கழிவோடு கலந்து கெடுமா என்பதை அக்குளத்திற்கு மேலேயுள்ள தெருக்கள் தீர்மானிக்கும். அத்தெருக்களில் நாள்தோறும் பள்ளிக்கு நடந்து செல்பவர்கள் மாணவர்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் விழும் மழைநீர் எந்த நீர்நிலையைச் சென்றடைகிறது? அதன் வழியை வரைபடமாக வரைக.

2. உங்கள் வகுப்பறையில் ஒரு வாரம் சேரும் குப்பையைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டு, குறைக்கும் வழிகளைக் கலந்துரையாடுக.