பல கைகள் சேர்ந்த நூல்

கட்டுரை எழுதும்போது, "பக்கத்தில் இருப்பவளைக் கேட்காதே, நீயே எழுது" என்றுதான் வகுப்பில் எங்களுக்குச் சொல்வார்கள். இலக்கியம், வரலாறு முதலிய துறைகளில் பேராசிரியர்களும் பெரும்பாலும் தனியாகவே நூல் எழுதுகிறார்கள். ஆனால் தனியாக எழுதியிருக்கவே முடியாத ஒரு நூலை இங்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

ஐதராபாத்தைச் சேர்ந்த சூசி தாரு, கே. லலிதா என்னும் இரு பெண் அறிஞர்கள் தொகுத்த 'விமன் ரைட்டிங் இன் இந்தியா' என்பதே அது. முதற்பாகம் 1991-லும் இரண்டாம் பாகம் 1993-லும் நியூயார்க்கில் வெளிவந்தன. பாலி மொழியில் பாடிய புத்த பிக்குணிகள் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் வரை இதில் இடம்பெறுகின்றனர். (உரலையும் உலக்கையையும் விட்டு விடுதலை பெற்றேன் என்று மகிழ்கிறார் ஒரு பிக்குணி!) நம் சங்ககால ஔவையாரும் உண்டு.

பாலி, தமிழ், தெலுங்கு, மராத்தி, வங்காளம், உருது என இத்தனை மொழிகளையும் ஒருவர் எப்படிக் கற்க இயலும்? ஆகவே அந்தந்த மொழி அறிந்தோரின் துணை தேவைப்பட்டது. பழைய ஏடுகளையும் இதழ்களையும் தேடவேண்டும், தேர்ந்தெடுக்கவேண்டும், ஆங்கிலத்தில் பெயர்க்கவேண்டும். அட்டையில் இரண்டே பெயர்கள்தாம். ஆயினும் உள்ளே மொழிபெயர்த்தவர்களின் பெயர்களும் மறைக்கப்படாமல் அச்சாகியுள்ளன. இது எனக்கு மிகவும் பிடித்தது.

தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முத்துப்பழனியே சான்று. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையில் தெலுங்குக் காவியம் இயற்றியவர் அவர். அந்நூலை 1910-ல் மீண்டும் பதிப்பித்தவர், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே பெங்களூர் நாகரத்தினம்மாள்தான். ஒழுக்கக்கேடான நூல் என்று ஆங்கில அரசு அதைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1947-ல்! முத்துப்பழனியின் கதையை இந்நூல் முன்னுரையிலேயே விரிவாகப் பேசுகிறது.

என் மனத்தைத் தொட்டவளோ முக்தாபாய். பூனாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த, மாங்கு என்னும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுமி. தம் மக்களின் துயரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855-ல் 'ஞானோதயா' என்னும் மராத்தி இதழில் வெளியாயிற்று. வேதம் படிக்க எங்களுக்கு உரிமை இல்லையென்றால் எங்கள் சமயம்தான் எது என்று கடவுளிடமே கேட்கிறாள்! அதுவும் எங்களுடையதைப் போன்ற ஒரு பள்ளிக்கூடக் கட்டுரைதான். யாரோ ஒருவர் அதை அச்சிட்டார், வேறொருவர் தேடி எடுத்தார், இன்னொருவர் மொழிபெயர்த்தார். அதனால்தான் 1855-ல் எழுதிய முக்தாபாயைப் பற்றி இன்று நான் எழுதுகிறேன்.