நரகத்தில் பிழைக்கும் கணக்கு

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் குளித்திருக்கிறீர்களா? அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நம் தலையைப் பதம் பார்க்காமல், முதுகைத் தட்டிக்கொடுப்பது போல் விழுகிறதே, ஏன்?

மலையுச்சியிலிருந்து புறப்படும் நீர் நேரே நம்மீது விழுவதில்லை. இடைவழியில், பாறையில் குடைந்தது போல் இருக்கும் 'பொங்குமாங்கடல்' என்ற ஆழமான பள்ளத்தில் முதலில் விழுகிறது. வேகமாக வந்த நீரின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி அங்கே கொந்தளிப்பாகச் செலவாகிவிடுகிறது. பள்ளம் நிறைந்து வழியும் நீர்தான் மறுபடி கீழே விழத் தொடங்குகிறது. ஆகவே நமக்குக் கிடைக்கும் அடி, அருவியின் முழு உயரத்துக்கு உரியது அன்று. பொங்குமாங்கடலுக்குக் கீழே உள்ள உயரத்துக்கு மட்டுமே உரியது.

வருகின்ற அடி வேறு. நம்மை வந்து சேர்கின்ற அடி வேறு. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தித் தோட்டங்களுக்குப் பெயர்போன எங்கள் சுந்தரபாண்டியபுரத்தில் மாணவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், வீடியோ கேமில் கடைசிக் கடின நிலைக்குப் போனதும் ஒரே அடியில் செத்துவிடுகிறோமே! முந்தின நிலையில் நன்றாகத்தானே ஆடினோம்?" இதற்கான விடை விரல்களின் வேகத்தில் இல்லை, வந்து சேரும் அடியைக் கணக்கிடுவதில் இருக்கிறது.

தாயக்கட்டையிலிருந்து கணிப்பொறிக்கு

ஆடுபவர் ஒரு வீரனின் வேடத்தை ஏற்று, அரக்கர்களை வென்று, அனுபவப் புள்ளிகளும் ஆயுதங்களும் சேர்த்துப் படிப்படியாக வலிமை பெறுவது ஒருவகை விளையாட்டு. இதன் மூலம் கணிப்பொறி அன்று, பகடைதான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். நம் வீடுகளில் தாயக்கட்டை உருட்டுவது போல அதில் பகடை உருட்டி, அடி பட்டதா இல்லையா என்று முடிவு செய்தார்கள். வீரனின் உயிரைப் புள்ளிகளாக எண்ணும் வழக்கமும் அதில் இருந்தது.

அந்தப் பகடையைக் கணிப்பொறிக்குள் வைத்து, சண்டையையும் விறுவிறுப்பாக்கியது 'டயாப்லோ' என்ற விளையாட்டு. அது வெளிவந்த ஆண்டு 1996. அதன் இரண்டாம் பாகம் 2000-இல் வந்தது. அதற்கு 2001-இல் ஒரு விரிவாக்கமும், 2021-இல் புதுப்பித்த பதிப்பும் வந்தன. கடின நிலை என்பது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இந்த இரண்டாம் பாகத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இரத்தமும் கோரமும் மிகுந்த ஆட்டம் என்பதால், அமெரிக்காவில் இது 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது என்று தரப்படுத்தப்பட்டுள்ளது. எனவே உங்களை விளையாடச் சொல்லவில்லை. அதன் கணக்கை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

ஐந்து மடங்கு அடி

இந்த ஆட்டத்தில் சாதாரணம், கொடுங்கனவு, நரகம் என மூன்று நிலைகள். ஒரே கதையை மூன்று முறை கடக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அரக்கர்களின் உயிரும் வலிமையும் கூடுகின்றன. அது எல்லோருக்கும் கண்ணில் படும். கண்ணில் படாத மாற்றம் ஒன்று இருக்கிறது.

தீ, குளிர், மின்னல், நஞ்சு என்ற நான்கு வகைத் தாக்குதல்களுக்கும் வீரனுக்குத் தனித்தனி 'எதிர்ப்புத் திறன்' உண்டு. தீ எதிர்ப்பு 75 என்றால், வரும் தீயில் 75 விழுக்காடு தடுக்கப்படும்; 25 விழுக்காடு மட்டுமே உடலைச் சேரும். பொதுவாக 75-தான் உச்ச வரம்பு. 2001 விரிவாக்கத்தின்படி, கொடுங்கனவில் நுழைந்ததும் ஒவ்வோர் எதிர்ப்பிலும் 40 கழிக்கப்படும். நரகத்தில் கழிக்கப்படுவது 100.

சாதாரண நிலையில் சரியாக 75 எதிர்ப்பு வைத்திருந்த ஒருவன், அதே கவசத்துடன் நரகத்தில் நுழைகிறான் என்று கொள்வோம். அவனுடைய எதிர்ப்பு 75 − 100 = −25. எதிர்ப்பு எதிர்மறையாகிவிட்டால் அடி குறைவதற்குப் பதிலாகக் கூடும். முன்பு 100-க்கு 25 சேர்ந்தது. இப்போது 100-க்கு 125 சேர்கிறது. அரக்கனின் பலம் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அடி ஐந்து மடங்காகிவிட்டது!

உயிர் 600 உள்ள வீரன் மீது 480 புள்ளி தீ திரும்பத் திரும்ப வீசப்படுகிறது என்போம்.

எதிர்ப்பு −25: சேர்வது 600. முதல் அடியில் மரணம்.
எதிர்ப்பு 0: சேர்வது 480. இரண்டாம் அடியில் மரணம்.
எதிர்ப்பு 25: சேர்வது 360. இரண்டாம் அடியில் மரணம்.
எதிர்ப்பு 50: சேர்வது 240. மூன்றாம் அடியில் மரணம்.
எதிர்ப்பு 75: சேர்வது 120. ஐந்தாம் அடியில் மரணம்.

ஒரே அடிக்கும் ஐந்து அடிக்கும் இடையில்தான் மருந்து குடிக்கவும், விலகி ஓடவும் நேரம் இருக்கிறது. நரகத்தில் மறுபடி 75-ஐ எட்ட, மொத்தம் 175 புள்ளி சேர்க்க வேண்டும். கதையில் ஆன்யா என்ற பெண்ணைப் பனிச்சிறையிலிருந்து மீட்டால் நான்கு எதிர்ப்புக்கும் 10 புள்ளி நிலையாகக் கிடைக்கும். முதல் இரு நிலைகளிலும் மீட்டவனுக்கு 20. மீதி 155-ஐக் கவசம், கேடயம், மோதிரம் முதலியவற்றிலிருந்துதான் தேட வேண்டும். அனுபவசாலிகள் நரகத்தில் நுழையுமுன் பெரிய வாளைத் தேடாமல் இவற்றைத் தேடி அலைவதன் காரணம் புரிகிறதா?

பச்சை வலையும் கவசமும்

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எதிர்ப்பை 0-விலிருந்து 25 ஆக்கியபோது அடி நான்கில் ஒரு பங்குதான் குறைந்தது. 50-லிருந்து 75 ஆக்கியபோதோ அடி பாதியாகிவிட்டது. இரண்டிலும் சேர்த்தது அதே 25 புள்ளிதான். ஏன் இந்த வேறுபாடு?

நாற்றங்காலின் மேல் கட்டும் பச்சை நிழல் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வலை பாதி வெயிலை விடுகிறது என்போம். அதன்மேல் அதே போன்ற இன்னொரு வலை கட்டினால் வெயில் முழுவதும் நின்றுவிடுமா? இல்லை. மிச்சமுள்ள பாதியில் பாதி, அதாவது கால் பங்கு வெயில் உள்ளே வரும். மூன்றாவது வலைக்கு அரைக்கால் பங்கு. இங்கே பின்னங்கள் பெருக்கப்படுகின்றன. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் காமாக் கதிர்களை மறிக்கும் கான்கிரீட் சுவருக்கும் ஏறத்தாழ இதே விதிதான். ஒவ்வொரு குறிப்பிட்ட தடிமனும், தன்னிடம் வந்து சேரும் கதிரைப் பாதியாக்கும். இயற்கையில் தடைகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

விளையாட்டில் எதிர்ப்புத் திறன்கள் பெருக்கப்படுவதில்லை, வெறுமனே கூட்டப்படுகின்றன. வந்து சேரும் பங்கு 100, 75, 50, 25 என்று சம அளவில் இறங்குகிறது. அதனால் கீழே போகப் போக ஒவ்வொரு படியும் முந்தியதைவிட மதிப்பு மிக்கதாகிறது. வரம்பு இல்லாவிட்டால் அடுத்த படியில் வீரன் தீயே சுடாதவன் ஆகிவிடுவான்! ஆட்டத்தை அமைத்தவர்கள் 75-இல் வரம்பு கட்டியதன் காரணம் இதுவே. சில அரிய பொருள்களால் அந்த வரம்பையே 95 வரை உயர்த்தலாம். 75-க்கும் 95-க்கும் இடையில் இருப்பது வெறும் 20 புள்ளி. ஆனால் சேரும் அடி 25-லிருந்து 5 ஆகிறது. மறுபடியும் ஐந்து மடங்கு வேறுபாடு!

எந்த மோதிரம்?

இப்போது ஒரு சிறு கணக்கு. உயிரை எதிர்ப்பு கடந்து வரும் பங்கால் வகுத்தால், வீரன் எவ்வளவு தீயைத் தாங்குவான் என்பது கிடைக்கும். இதைத் 'தாங்குதிறன்' என்று அழைப்போம். உயிர் 600 உள்ளவனிடம் இரண்டு மோதிரங்கள். ஒன்று உயிரை 120 கூட்டும். மற்றது தீ எதிர்ப்பை 10 கூட்டும். எதை அணியலாம்?

தீ எதிர்ப்பு 0 என்றால், முதல் மோதிரத்தால் தாங்குதிறன் 720. இரண்டாவதால் 600 ÷ 0.90 = 667. உயிர் தரும் மோதிரமே மேல்.

தீ எதிர்ப்பு ஏற்கெனவே 65 என்றால், முதலாவதால் 720 ÷ 0.35 = 2057. இரண்டாவதால் 600 ÷ 0.25 = 2400. இப்போது எதிர்ப்பு தரும் மோதிரமே மேல்!

அதே இரண்டு மோதிரங்கள்தாம், அதே வீரன்தான். "எந்தப் பொருள் சிறந்தது?" என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. "என் இன்றைய நிலைக்கு எது சிறந்தது?" என்றே கேட்க வேண்டும்.

விட்டுவைத்த ஓட்டை

வாள், அம்பு போன்றவற்றின் தாக்குதலுக்கு வேறொரு கணக்கு உண்டு. தாக்குபவனின் குறித்திறனையும் வீரனின் பாதுகாப்பு எண்ணையும் இருவரின் படிநிலையையும் ஒப்பிட்டு, அடி படும் வாய்ப்பைக் கணிப்பொறி கணக்கிடும். அந்த வாய்ப்பு எப்போதும் 5 விழுக்காட்டுக்குக் குறையாது, 95-க்கு மிகாது. எத்தனை கனமான கவசம் போட்டாலும் நூற்றுக்கு ஐந்து வீச்சு பட்டே தீரும்.

ஐந்துதானே என்று எண்ணாதீர்கள். ஒரு வீச்சில் தப்பும் வாய்ப்பு 0.95. இருபது வீச்சிலும் தொடர்ந்து தப்ப, 0.95-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.36. அதாவது இருபது வீச்சுக்குள் குறைந்தது ஓர் அடியாவது படும் வாய்ப்பு 64 விழுக்காடு. கூட்டத்தின் நடுவே நின்றால் இருபது வீச்சுகள் சில வினாடிகளில் வந்துவிடும். 'ஹார்ட்கோர்' என்ற முறையில் ஆடுபவருக்கு இது உயிர்நாடியான செய்தி. அதில் வீரன் ஒருமுறை இறந்தால் இறந்ததுதான். பல மாத உழைப்பு ஒரு கணத்தில் போய்விடும். எனவே அவர்கள் "அடியே படாது" என்று நம்பித் திட்டமிடுவதில்லை. "பட்டால் தாங்குவேனா?" என்று கணக்கிட்ட பிறகே கதவைத் திறக்கிறார்கள்.

வினாடிக்கு 25 படிகள்

விரல் வேகத்துக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இடம் உண்டு, ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. நண்பர் ஒருவரை 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துத் திடீரென்று விடச் சொல்லுங்கள். அதன் கீழ்முனையில், பூஜ்யத்துக்கு நேரே விரல்களைத் தொடாமல் வைத்திருந்து பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால், t = √(2h/g) என்ற சூத்திரப்படி உங்கள் மறுவினை நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி.

டயாப்லோ 2-இல் காலம் ஆறு போல ஓடுவதில்லை. படிக்கட்டு போல இறங்குகிறது. வினாடிக்கு 25 படிகள். ஒரு படி 0.04 வினாடி. உங்கள் மறுவினைக்குள் ஐந்து படிகள் கடந்துவிடும். மேலும், மொத்த உயிரில் பன்னிரண்டில் ஒரு பங்கு போகும் அளவுக்கு அடி பட்டால் வீரன் நிலைகுலைந்து நிற்பான். மந்திரக்காரி என்ற பாத்திரம் நிமிர 15 படிகள், அதாவது 0.6 வினாடி ஆகும். அதற்குள் அடுத்த அடி விழுந்தால் மறுபடி நிலைகுலைவு! விரல் எத்தனை வேகமானாலும் பயனில்லை.

விரைவில் நிமிரும் திறனைப் பொருள்களால் கூட்டலாம். இங்கும் ஒரு வேடிக்கை. அத்திறன் 60 விழுக்காடு ஆனால் அவள் 8 படியில் நிமிர்வாள். 86 ஆனால் 7 படி. இடையில் உள்ள 85-க்கும் 8 படிதான்! பாதிப் படி என்று ஒன்று இல்லாததால் 61 முதல் 85 வரை சேர்த்ததெல்லாம் வீண். அணுவில் எலெக்ட்ரான் இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு நடுவே நிற்க முடியாது என்று படித்திருப்பீர்களே, ஏறக்குறைய அது போலத்தான். மற்றொன்று: தூக்கம் கெட்டால் மனிதரின் மறுவினை நேரம் நீளும். இரவெல்லாம் விழித்து ஆடுபவர், தம் வீரனை மட்டுமன்றித் தம்மையும் கடின நிலைக்கு மாற்றிக்கொள்கிறார்.

மருந்திலும் இதே காலக் கணக்கு உண்டு. சிவப்பு மருந்து உயிரைச் சிறுகச் சிறுகத்தான் ஏற்றும். ஊதா மருந்து உடனே ஏற்றும். நெருக்கடிக்கு ஊதாவைக் காத்து வைப்பதே முறை.

தாக்குவதற்கும் ஒரு விதி உண்டு. நரகத்தில் பல அரக்கர்களின் எதிர்ப்பு, ஏதேனும் ஒரு வகையில் 100-ஐத் தொட்டுவிடும். தீயை மட்டும் கற்ற மந்திரக்காரி அவர்கள் முன் வெறுங்கையோடு நிற்பாள். ஒன்றில் ஆழமாகக் கற்பதோடு, துணைக்கு இன்னொன்றும் கைவசம் இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு வீரனுக்கு உயிர் 800. நரகத்தில் அவனுடைய தீ எதிர்ப்பு 50. மின்னல் எதிர்ப்பு 0. அவன் தீ எதிர்ப்பை 25 கூட்டும் கேடயத்தையோ, உயிரை 400 கூட்டும் கவசத்தையோ, ஏதேனும் ஒன்றை மட்டுமே எடுக்கலாம். கதவுக்கு அப்பால் காத்திருப்பவன் தீயை வீசுபவன் என்றால் எதை எடுப்பீர்கள்? மின்னலை வீசுபவன் என்றால்? யார் என்றே தெரியாவிட்டால்? மூன்றுக்கும் தாங்குதிறனைக் கணக்கிட்டுப் பாருங்கள்.