வளவுக்குள்ளே எத்தனை வீடு?

தெருவிலிருந்து பார்த்தால் ஒரே வாசல்தான். உள்ளே போனால் நடுவே முற்றம். இரு பக்கமும் வரிசையாக வீடுகள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டவை சில, வாடகைக்கு விட்டவை சில. விருதுநகர், சிவகாசி தொடங்கித் திருநெல்வேலி வரை தென்மாவட்டங்களின் பழைய தெருக்களில் இப்படிப்பட்ட குடியிருப்பை ‘வளவு’ என்பார்கள்.

“எங்க வளவுல ஆறு வீடு”, “வளவுக்குள்ள ஓடாதீங்கடா”, “அவுக நம்ம வளவுக்காரக” என்று அன்றாடப் பேச்சில் இச்சொல் புழங்கும். வீட்டுக்கு வீடு அடுப்பு தனி. வாசலும் முற்றமும் பொது. கிணறு இருந்தால் அதுவும் பொதுதான். சொந்தக்காரர் என்றும் சொல்ல முடியாத, அந்நியர் என்றும் ஒதுக்க முடியாத உறவு ஒன்று அங்கே உண்டு. அந்த உறவுக்கு ‘வளவுக்காரர்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

வளைத்து அமைத்த இடம் என்பதே சொல்லின் அடிப்படை. ஆனால் ஊருக்கு ஊர் பொருள் நகர்கிறது. செட்டிநாட்டில் முகப்பைத் தாண்டியதும் வரும் தூண்கள் சூழ்ந்த முற்றப் பகுதிதான் வளவு. அதைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு உரியவை. யாழ்ப்பாணத்தில் வீடு நிற்கும் நிலமே வளவு. பனையும் மாவும் வேலியும் அதற்குள் அடங்கும். சிங்களத்தில் ‘வளவ்வ’ என்றால் பழைய பிரபுக் குடும்பத்து மாளிகை.

சிவகாசி வட்டாரத்தில் வீட்டு முற்றத்துக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதன்பின் ஊரைச் சுற்றி ‘தீப்பெட்டி ஆபீஸ்’கள் பெருகின. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே வந்தது. சமையல் முடிந்த கையோடு பெண்கள் பசைக் கிண்ணத்துடன் உட்கார்ந்துவிடுவார்கள். மெல்லிய மரச்சில்லை மடித்து, காகிதம் சுற்றி ஒட்டி, அடிப்பெட்டி, மேல்பெட்டி எனப் பிரித்து வெயிலில் காயவைப்பார்கள். கூலிக் கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் 144 பெட்டி. பல குடும்பங்களின் பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் இந்தப் பசையில் ஒட்டிவந்தவை. எந்திரத்தில் அட்டைப் பெட்டி வந்தபின் இவ்வேலை சுருங்கிவிட்டது.

காகிதமும் பசையும் வீட்டுக்குள் இருக்கலாம், வெடிமருந்து இருக்கக் கூடாது. உரிமம் இல்லாத வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுவதும் பட்டாசு செய்வதும் சட்டப்படி குற்றம். சுவரோடு சுவர் ஒட்டிய வளவில் ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்காது.

இப்போது பலரும் வளவைக் ‘காம்பவுண்டு’ என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லே மலாய் மொழியின் ‘கம்போங்’கிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். கையில் பொருத்தமான சொல் இருக்கும்போது இவ்வளவு சுற்றி வரத் தேவையில்லை.

கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ஒரு வட்டார வழக்கு அகராதியே உருவாக்கினார். அதுபோல நீங்களும், உங்கள் குடும்பத்தின் பழைய வீடு இடிபடும் முன், அதன் ஒவ்வொரு பகுதியையும் பெரியவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.